கார் பார்க்கிங் உண்டு (ஆனா கார் நிக்காது)

டு-லெட் போர்டுல இருக்குற வார்த்தைகள்லயே அதிகமா பொய் சொல்ற வார்த்தை எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்வேன்: பார்க்கிங். "காற்றோட்டமான வீடு"ன்னு போட்டா ஜன்னலைத் திறந்ததும் பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்தோட கொஞ்சம் காத்தும் வரும். "24 மணி நேரமும் தண்ணீர்"னு போட்டா பன்னிரண்டு மணி நேரமாவது வரும். "கார் பார்க்கிங் உண்டு"ங்கறதுக்கு மட்டும் ஓசூர்ல ஒவ்வொரு ஓனரும் ஒரு தனி அகராதி வெச்சிருக்காங்க.

முதல்ல என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். சொந்த ஊர் சாமல்பட்டி. வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும். அப்படின்னா பெங்களூர்லயே இருக்கலாமேன்னு எல்லாரும் கேக்குறாங்க. இருக்கலாம். ஆனா அங்கே வாடகை ஒரு பக்கம், பத்து மாச அட்வான்ஸ் இன்னொரு பக்கம். போதாததுக்கு வண்டி டிஎன்-24. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா அங்கே மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டமே சொல்லுது. அதுக்கு வரி கட்டிட்டு, இங்க கட்டின வரியைத் திரும்ப வாங்க கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் அலையணும். அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமே இருந்துட்டா அந்தத் தலைவலி இல்லை.

இன்னொரு காரணம் அம்மா. முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. மாசம் ரெண்டு தடவை டாக்டர்கிட்ட காட்டணும், நடுவுல பிசியோதெரபி வேற. சாமல்பட்டியில ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, ரயில்ல கூட்டிட்டு வரலாம்லன்னு ஒரு நண்பன் கேட்டான். சாமல்பட்டி இருக்கறது ஜோலார்பேட்டை - சேலம் லைன்ல, ஓசூர் இருக்கறது பெங்களூர் - தர்மபுரி - சேலம் லைன்ல. ரெண்டும் ஒரே மாவட்டம், ஆனா ரயில்ல போகணும்னா சேலம் வரைக்கும் போயி சுத்திட்டு வரணும். நடுவுல இருக்கற கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு நேரோ கேஜ் ரயில் ஓடிச்சு, அதையும் பிடுங்கிட்டாங்க. ஆக பஸ் மாறி மாறி வரணும், இல்லைன்னா கார். ஆபரேஷன் ஆன முட்டியோட கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி இறங்க முடியாது. அதனால கார். ஆடம்பரத்துக்கு இல்லைங்க, பழைய வேகன்-ஆர் தான். கூட ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்.

இந்த ரெண்டுக்கும் சேர்த்து வீடு தேடுன அஞ்சு ஞாயித்துக்கிழமையில நான் பார்த்த வீடுகள் பதினொண்ணு. புரோக்கர் அண்ணன் நல்ல மனுஷன், ஆனா அவருக்கு பார்க்கிங்னா "வண்டி நிக்கிற இடம்", அவ்வளவுதான். அது யாரோட இடம்ங்கறது அவர் கவலை இல்லை.

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் பார்த்த வீட்டுல, பார்க்கிங்ங்கறது சாக்கடை மேல போட்டிருந்த சிமென்ட் சிலாப். கார் முன்சக்கரம் சிலாப்ல, பின்சக்கரம் ரோட்டுல. "சார், இந்தத் தெருவுல யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க"ன்னு ஓனர் தைரியம் சொன்னார். எடுத்துட்டுப் போவாங்கன்னு நான் பயப்படலை. தண்ணி லாரி வந்து உரசிட்டுப் போறதைத்தான் யோசிச்சேன்.

பாகலூர் ரோட்டுல ஒரு அபார்ட்மென்ட். பன்னிரண்டு வீடு, அஞ்சு கார் நிக்கிற இடம். யாருக்கு எதுன்னு கேட்டா, "முதல்ல வர்றவங்க நிறுத்திக்கலாம்"னு பதில். ராத்திரி ஒன்பதுக்கு மேல வந்தா ரோட்டுல. முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டின்னு அடைச்சு நிறுத்துவாங்களாம், எல்லாரோட சாவியும் வாட்ச்மேன்கிட்ட இருக்குமாம். அவசரத்துக்கு எடுக்கணும்னா? "அவர் இங்கதான் தம்பி தூங்குவார், எழுப்புனா எந்திரிச்சுடுவார்." வாட்ச்மேனுக்கு வயசு எழுபதுக்குக் குறையாது. பாவம், அவரே எழுந்திரிச்சு உட்கார ரெண்டு நிமிஷம் ஆகும் போல இருந்தது.

அலசநத்தம் பக்கம் ஒரு தனி வீடு, நல்ல வீடு. ஓனரம்மா வீட்ல தெலுங்கு பேசுறவங்க. ஓசூர்ல இது சகஜம், தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல கேள்வி கேட்டு கன்னடத்துல வாடகை சொல்வாங்க. "எந்த மந்தி?"ன்னு கேட்டாங்க. நான், அப்பா, அம்மா, மூணு பேருன்னேன். அடுத்த கேள்வி சைவமா அசைவமா. அதுக்கடுத்த கேள்வி நாங்க என்ன ஆளுங்கன்னு. அதைப் பத்தித் தனியா ஒரு நாள் எழுதணும், இங்க இழுத்தா கோபம்தான் வரும். அந்த வீட்டு போர்டிகோவுல என் வேகன்-ஆரே கதவைத் திறக்க முடியாம நின்னது. மாருதி 800 காலத்துல கட்டின வீடு. அந்த வண்டியோட அகலம் 1.44 மீட்டர். இன்னைக்கு ரோட்டுல ஓடற நெக்ஸான் மாதிரி வண்டி 1.8 மீட்டர். வண்டி பெருத்துப் போச்சு, போர்டிகோ அப்படியே இருக்கு. ஓனரைக் குத்தம் சொல்ல இதுல ஒண்ணுமில்லை.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகற விஷயம். நான் எழுத வந்தது ஏழாவதா பார்த்த வீட்டைப் பத்தி.

சிப்காட் பக்கம், மூணு மாடிக் கட்டிடம், புதுசு. கீழே தூண் விட்டு பார்க்கிங், மேலே வீடுகள்னுதான் பிளான். வெளியில இருந்து பார்த்தா தூண்கள் தெரியுது. ஆனா தூணுக்கும் தூணுக்கும் நடுவுல ஹாலோ பிளாக் வெச்சு சுவர் எழுப்பி, தகரக் கதவு போட்டு, ஆறு ரூம். ஒவ்வொரு கதவுக்கு வெளியிலயும் நாலஞ்சு ஜோடி செருப்பு, கம்பெனி ஷூ. கொடியில யூனிஃபார்ம் காயுது. பகல் பதினொரு மணி, ஒரு ரூம்ல கதவு திறந்திருந்தது. நைட் ஷிப்ட் முடிச்ச பசங்க நாலு பேர் வரிசையா படுத்துத் தூங்கறாங்க. ஜன்னல்னு ஒண்ணு இல்லை. ஒருத்தன் மட்டும் வெளியே உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிட்டு இருந்தான். ஒடிசாவாம். என்னைப் பார்த்ததும் ஓனர் யாரையோ கூட்டிட்டு வந்திருக்கார்னு சட்டுனு எழுந்து நின்னான்.

"பார்க்கிங் எங்கண்ணா?"ன்னு ஓனரைக் கேட்டேன். கேட் ஓரமா மிச்சமிருந்த ஒரு சந்தைக் காட்டினார். அப்புறம் மறைக்காம அவரே கணக்கு சொன்னார். "தம்பி, நீங்க காருக்குன்னு தனியா என்ன தருவீங்க, ஆயிரம்? அந்த இடத்துல ஒரு ரூம் போட்டா நாலு பசங்க, ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு. நீங்களே சொல்லுங்க."

நானே சொல்றேன். தமிழ்நாடு கட்டிட விதிகள்ல ஒரு கார் நிறுத்தற இடத்துக்கு அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதாவது 12.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 134 சதுர அடி. ஒரு சின்ன ரூமோட அளவு அது. காரா இருந்தா ஆயிரம் ரூபாய், மனுஷங்களா இருந்தா ஆறாயிரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எந்த ஓனரும் பார்க்கிங்கை பார்க்கிங்கா விட மாட்டார். பேராசைன்னு திட்டிட்டுப் போகலாம். ஆனா ஒரு சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு இது பக் மாதிரி தெரியலை, சிஸ்டம் டிசைனே இப்படித்தான் இருக்கு :-)

எப்படின்னா, தூண் விட்டுக் கட்டுற பார்க்கிங் தளத்தை எஃப்.எஸ்.ஐ கணக்குல சேர்க்க மாட்டாங்க. 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்லயும் அப்படித்தான். பார்க்கிங் விடறவனுக்கு அரசாங்கம் கொடுக்கற சலுகை அது. ஓனர் அந்தச் சலுகையை வாங்கிட்டு பிளான் அப்ரூவல் எடுக்கறார். கட்டி முடிச்ச அப்புறம் கீழ்த்தளத்தை அடைக்கறார். சின்ன குடியிருப்புக் கட்டிடங்களுக்குக் கட்டி முடித்த சான்றே வேண்டாம்னு விலக்கு இருக்கு. ஆக, பிளான்ல காட்டினது தரையில இருக்கான்னு யாரும் திரும்பி வந்து பார்க்கப் போறதில்லை. டெஸ்டிங் இல்லாம ரிலீஸ் பண்ற மாதிரிதான்.

"ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தா விக்க முடியாது, அது எல்லாருக்கும் பொதுவான இடம்"னு உச்ச நீதிமன்றம் 2010-லயே மும்பை பில்டர் ஒருத்தரோட வழக்குல சொல்லியிருக்கு. அது ஃப்ளாட் வாங்கறவங்களுக்கான பாதுகாப்பு. ஒரே ஓனர், எல்லாம் வாடகைக்குன்னு இருக்கற நம்ம ஊரு கட்டிடத்துல கேள்வி கேக்க வேற ஆளே இல்லை.

வீட்டுக்கு வந்து நண்பன்கிட்ட சொன்னேன். அவன் உடனே, "மாநகராட்சிக்கு ஒரு புகார் போடுடா"ன்னான். சட்டப்படி அவன் சொல்றது சரி. நான் போடலை, போடவும் மாட்டேன். காரணம் அந்த உருளைக்கிழங்கு நறுக்கின பையன். புகார் போட்டா என்ன நடக்கும்? திங்கக்கிழமை ஆபீசர் வருவார். செவ்வாய்க்கிழமை அந்த இருபத்துச் சொச்சம் பசங்க பையைத் தூக்கிட்டு ரோட்டுல நிப்பாங்க. ஓனர் கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப சுவர் வைப்பார். இந்த வரிசையில தண்டனை அனுபவிக்கிறது யாருன்னு பாருங்க.

ஆனா "பாவம், இருந்துட்டுப் போகட்டும்"னு விட்டுடறதும் எனக்கு ஒப்பலை. ஜன்னல் இல்லாத ரூம், தகரக் கதவு, ஒரே வழி, அந்த ஒரே வழியில வரிசையா பைக்கு, அதுக்கு மேலே மொத்தக் கட்டிடத்தோட மீட்டர் போர்டு. 2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தில மங்காஃப்ங்கற இடத்துல தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் தீப்பிடிச்சது ஞாபகம் இருக்கா? ஏறத்தாழ 50 பேர் செத்தாங்க, பெரும்பாலும் இந்தியர்கள், தமிழ்நாட்டுக்காரங்களும் உண்டு. தீ ஆரம்பிச்சது கீழ்த்தளத்துல. அன்னைக்கு நாமெல்லாம் கொதிச்சோம், நம்ம ஆளுங்களை அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு. நம்ம ஊர்ல அடுத்த மாநிலத்துப் பசங்களை நாம எங்க வெச்சிருக்கோம்? கார் நிறுத்தற இடத்துல.

ஓசூருக்கு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் வந்து நாப்பது வருஷம் ஆச்சு. 2019-ல ஊரு மாநகராட்சி ஆச்சு. 2024 ஜூன்ல ஏர்போர்ட் வரும்னு முதல்வர் சட்டமன்றத்துல அறிவிச்சார், 2,000 ஏக்கர்ல. அறிவிப்புக்கு அடுத்த வாரமே சைட் விலை ஏறுதுன்னு புரோக்கர்கள் பேச ஆரம்பிச்சாச்சு. கம்பெனி வருது, ஆளு வர்றாங்க. ஆளு எங்க தங்குவாங்கன்னு மட்டும் யாரும் பிளான்ல எழுதலை. எழுத முடியாதுன்னு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில சிப்காட் 18,720 பெண்கள் தங்கற விடுதி கட்டி 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. அந்த மாதிரி இங்க இன்னும் நிறைய வந்தா, அந்த ஓனரோட ஆறாயிரம் ரூபா கணக்கு தானா மாறும். பார்க்கிங் பிரச்சினைக்கு விடுதி எப்படித் தீர்வுன்னு கேக்காதீங்க. பசங்களுக்கு வேற இடம் கிடைச்சாத்தான் தூணுக்கு நடுவுல இருக்கற சுவர் இறங்கும்.

சரி, ஸ்கூட்டர் கதைக்கு வருவோம். இதுல ஒரு தமாஷ் இருக்கு. ஓலாவோட ஃபேக்டரி எங்க ஊருக்குப் பக்கத்துல போச்சம்பள்ளியில, 2021-ல இருந்து ஸ்கூட்டர் விக்கறாங்க. ஏத்தர் ஓசூர்ல. டிவிஎஸ் ஐகியூபும் ஓசூர்ல. நாட்டுக்கே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செஞ்சு அனுப்புற மாவட்டம் எங்களுது. அந்த மாவட்டத்துல ஒரு வாடகை வீட்டுல அதுக்கு ஒரு பிளக் பாயின்ட் கிடைக்காது! ஒரு ஓனர் கேட்டார், "கரன்ட் பொது மீட்டர்ல வருமே, யார் கட்டுறது?" தனி சப்-மீட்டர் என் செலவுல போட்டுக்கறேன்னு சொன்னேன். "பேட்டரி வெடிக்கும்னு வாட்ஸப்ல வந்துச்சே தம்பி"ன்னார். அவர் வீட்டு மாடியில அஞ்சு காஸ் சிலிண்டர் இருக்கு, அது வெடிக்காது போல.

இனி வீடு தேடப் போறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச சட்ட விஷயம் கொஞ்சம். தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல இருந்து அமல்ல இருக்கு. அதுப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். ஆன்லைன்லயே பண்ணலாம். "11 மாசம் போட்டுக்கலாம் சார், ரெஜிஸ்டர் வேண்டாம்"ங்கறது பழைய பதிவுச் சட்டத்துல இருந்து வந்த பழக்கம். புதுச் சட்டம் மாசக் கணக்கெல்லாம் பார்க்கறதில்லை. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னும் இருக்கு. ஆனா ஒரு ஓட்டை வெச்சிருக்காங்க. ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா செல்லும். நீங்க ஒத்துக்கலைன்னா அடுத்த ஆள் ஒத்துக்குவார், அதனால ஓட்டை வழியாத்தான் எல்லாரும் போறாங்க. பதிமூணாயிரம் வாடகைக்கு என்கிட்ட எண்பதாயிரம் கேட்டாங்க. பெங்களூர் பழக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டி வந்தாச்சு. மத்திய அரசு 2021-ல ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வெளியிட்டுது. அதுல குடியிருக்கற வீட்டுக்கு ரெண்டு மாசம்தான் அட்வான்ஸ். தண்ணி, கரன்ட் மாதிரியே பார்க்கிங்கையும் அத்தியாவசிய சேவைப் பட்டியல்ல வெச்சிருக்காங்க. ஓனர் சண்டை போட்டுட்டு தண்ணியை நிறுத்தக் கூடாதுங்கற மாதிரி, பார்க்கிங்கையும் நிறுத்தக் கூடாது. இது எத்தனை ஓனருக்குத் தெரியும்? எத்தனை குடித்தனக்காரங்களுக்குத் தெரியும்?

அதனால ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. வீடு பார்க்கப் போகும்போது அளவு டேப் எடுத்துட்டுப் போங்க. ஒப்பந்தத்துல "பார்க்கிங் வசதி உண்டு"ன்னு மொட்டையா எழுதவிடாதீங்க. எந்த இடம், எத்தனை அடிக்கு எத்தனை அடி, ராத்திரி வேற வண்டி குறுக்கே நிக்குமா, சார்ஜ் போட பாயின்ட் உண்டா, எல்லாம் எழுதி வாங்குங்க. ஓனர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி சுளிச்சா நல்லதுதானே.

ஜப்பான்ல 1962-லயே ஒரு சட்டம் போட்டாங்க. கார் வாங்கணும்னா வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள அதை நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ்ல சான்று வாங்கணும். இதை இங்கேயும் கொண்டு வரணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் எப்பவும் சொல்வார். எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே கார் இல்லாதவனுக்கு ரயில் இருக்கு. இங்கே சாமல்பட்டில இருந்து ஓசூருக்கு வர்றதுக்கே நான் மேல சொன்ன கதை. முதல்ல ரயிலைக் கொடுங்க, அப்புறம் சான்று கேளுங்க.

ஆனா டொனால்ட் ஷூப்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், 2025 பிப்ரவரியில இறந்துட்டார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கும். இலவச பார்க்கிங்னு ஒண்ணு கிடையாது, அதோட விலையை வேற எதுலயோ ஒளிச்சு வெச்சு கார் இல்லாதவங்ககிட்டயும் வாங்கறாங்கன்னு 2005-ல ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஓசூர்லயும் அதேதான். "பார்க்கிங்கோட பதிமூணாயிரம்"னு சொல்ற வீட்டுல சைக்கிள் வெச்சிருக்கறவரும் பதிமூணாயிரம்தான் தர்றார். வீட்டு வாடகை தனி, கார் வாடகை தனின்னு பிரிச்சா, கார் இல்லாதவருக்கு மிச்சம். என்னை மாதிரி ஆளுக்குக் கூடக் கொஞ்சம் ஆகும், பரவாயில்லை, நான்தானே கார் வெச்சிருக்கேன்.

இப்படிப் பிரிச்சு யோசிச்சதுலதான் எனக்கு வழி கிடைச்சது. தளி ரோட்டுப் பக்கம் பார்க்கிங்கே இல்லாத ஒரு கீழ் வீடு, பத்தாயிரத்து ஐநூறு, மூணு மாச அட்வான்ஸ். "பார்க்கிங் இல்லை"ன்னு போர்டுலயே நேர்மையா எழுதியிருந்த ஒரே ஓனர் அவர்தான், அதுக்காகவே பேசி முடிச்சேன். ஸ்கூட்டருக்கு வாசல்ல சப்-மீட்டரோட ஒரு பாயின்ட். நாலு வீடு தள்ளி ஒரு காலி சைட், சுத்தி வேலி, கேட், ஓரமா ஒரு பசு மாட்டுக் கொட்டகை. ஓசூர் முழுக்க இப்படி சைட்டுங்க விலை ஏறட்டும்னு முள் முளைச்சுக் கிடக்குது. சைட்டுக்காரப் பாட்டிகிட்ட போய், "பாட்டி, மாசம் எழுநூறு தர்றேன், காரை உள்ள விட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "மாடு இடிச்சா நான் பொறுப்பில்லை"ன்னாங்க. இதுவரைக்கும் மாடு இடிக்கலை. சாமல்பட்டில இருந்து அம்மாவைக் கூட்டிட்டு வர்ற அன்னைக்கு மட்டும் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டு காரை அங்கே கொண்டு போயிடறேன்.

பாட்டி ஒரு நாப்பது பக்க நோட்டுல வண்டி நம்பரையும் ரூபாயையும் எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கறாங்க. இந்த மாசம் நோட்டுல இன்னொரு வரி இருந்தது, கேஏ-51ல ஆரம்பிக்கற நம்பர். எதிர் வீட்டுக்காரர்தான். இன்னும் ரெண்டு கார் தாராளமா நிக்கும்னு பாட்டி சொல்றாங்க. தளி ரோட்டுப் பக்கம் யாராவது தேடிட்டு இருந்தா சொல்லுங்க. சாணி வாசம் கொஞ்சம் வரும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன்.